பச்சைக் கற்கள்

அத்தியாயம் 14

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனானே தம்பி, அந்தச் சத்தம் ஒரு வாரமாகியும் பெரியவளின் காதைவிட்டுப் போகவில்லை. "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். லிஃப்ட் மெக்கானிக். ஊர்ப்பட்ட ஜனங்களைப் பத்திரமாக மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவன், சொந்த அக்காவிடம் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறான்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அம்மாவின் கண் மஞ்சளாகி நாளாகிவிட்டது. பித்தக் குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, அறுத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் எடுக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் தேதியே குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதியைத் தவறவிட்டவள் பெரியவள்தான். முதலில் உடம்பைச் சுத்தம் செய்து பார்க்கலாம், கத்தி எங்கே ஓடிப்போகிறது என்றாள். தம்பி யார் யாரிடமோ கெஞ்சி மறுபடி ஒரு தேதி வாங்கியிருக்கிறான். நாளைக் காலையில் அம்மாவைச் சேர்க்க வேண்டும்.

அம்மாவோ மாட்டவே மாட்டேன் என்கிறாள். "எல்லாம்தான் வெளிய வந்துடுச்சே, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரி?"

வெளியே வந்தது என்ன என்கிறீர்களா? அது ஒரு கண்ணாடி பாட்டிலில் இருந்தது. பட்டாணி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் பச்சைப் பச்சையாகக் கற்கள்.

அம்மாவை நாள்கணக்கில் ஆப்பிள் சாற்றிலேயே வைத்திருந்து, கடைசியில் ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிக்க வைத்தாள் பெரியவள். மறுநாள் காலையில் அவை வந்தன. சல்லடையில் பிடித்து, அலசி, பாட்டிலில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். "பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல வெச்சிருக்கியே, இந்த வீட்ல டீ குடிக்கிறவன் மனுஷனா இல்லையா?" என்றுதான் போன வாரச் சண்டையே ஆரம்பித்தது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது ஜூஸ் மேடம். அது தம்பி வைத்த பெயர். பெரியவளிடம் மொத்தமாக சோப்பு வாங்க வந்த வாடிக்கையாளர், கனிவான அம்மாள். அவர் நடத்தும் இயற்கை வைத்தியப் பயிற்சி அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மனித உடம்புப் படம். பயம் சிறுநீரகத்தில், கவலை வயிற்றில், கோபம் ஈரலில் என்று வண்ணம் தீட்டியிருக்கும். அந்தப் படத்தின் வலது விலாவுக்குக் கீழே பச்சையாக இருந்த இடத்தில் விரலை வைத்து மேடம் கேட்டார், "உங்கம்மா சமீபத்துல எதையாவது அழாம முழுங்கினாங்களா?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அம்மா முழுங்கியிருந்தாள்.

வீட்டின் சின்னவள், வாலு. வாயாடி, ஊர்சுற்றி, ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் துடைத்தறியாதவள். மழை நாளில் ஒரு லாரி அவளைத் தட்டிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, தைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அம்மா வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்கப்புறம் வாலு என்ற பெயரையும் அவள் வாயால் சொல்லவில்லை.

"அந்த அழுகைதான் கல்லா உட்கார்ந்திருக்கு. அதை வெளிய எடுத்துட்டா கட்டி தானா சுருங்கிடும்" என்றார் மேடம்.

நம்பாமல் என்ன செய்வாள்? கற்கள் வந்த அந்தக் காலையில், குளியலறை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, "வாலு... என் வாலு..." என்று அம்மா கதறிவிட்டாளே! பெரியவள் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டே, உள்ளுக்குள் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

இன்று காலையில் அம்மா எழுந்த கையோடு தலைக்குக் குளித்துவிட்டு, வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் நீல உடுப்பை உடுத்திக்கொண்டாள். இடுப்பில் அது நிற்கவில்லை. ஊக்கு குத்திக்கொண்டாள்.

"தம்பியை வரச் சொல்லிட்டேன். நானே போன் பண்ணேன்" என்றாள். "அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வா. குழாயடியில ஒரு குழி தோண்டிப் புதைச்சுடலாம். அவ வண்டி கழுவுவாளே, அந்த இடத்துல."

"சரிம்மா. பட்டறையிலதான் இருக்கு. போயிட்டு உடனே வந்துடறேன்."

"ஃப்ரிட்ஜுல இல்லைதானே?"

"இல்லம்மா. நீதான் சொன்னியே. கதகதப்பா ஒரு இடத்துலதான் வெச்சிருக்கேன்."

"அவளுக்குக் குளிர் ஆகாது" என்றாள் அம்மா, சொல்லத் தேவையே இல்லாததைச் சொல்வது போல.

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. கண்ணின் வெள்ளை மறுபடி மஞ்சளாகியிருந்தது. மறுபடி என்ன மறுபடி, அது வெளுக்கவே இல்லை, வெளுத்துவிட்டது என்று இத்தனை நாள் நாம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தைச் செருப்பை மாட்டிக்கொள்கிற சாக்கில் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

சோப்புப் பட்டறை பெரிய இடமொன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்பு, எண்ணெய் காயும் பெரிய பாத்திரம், காஸ்டிக் கரைசலுக்கு மூடி போட்ட டிரம், ஊற்றி ஆறவைக்கும் மர அச்சுகள், சுவரோரம் தட்டுத் தட்டாகக் காயும் சோப்புகள். சோப்புக் கட்டியைக் கம்பியால் துண்டு போடுகிறவளுக்கு எல்லோரும் கம்பியக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். பெரியவள் நுழைந்தபோது அவள் பாத்திரத்துக்கு மேலே இருக்கும் அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

கம்பியக்கா கையில் அந்தப் பாட்டில் இருந்தது.

"ஏன் தங்கச்சி, இது எந்த பேட்ச் சாம்பிள்?" என்றாள் அவள், பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து. "ஏன் இப்படிக் கெட்டுப் போயிருக்கு? எண்ணெய் அதிகமாயிடுச்சா?"

கற்களைக் காணவில்லை. அடியில் பச்சைக் குழம்பாக ஏதோ கிடந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் பாதி உருகி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"குடு" என்றாள் பெரியவள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

வெளிக்குழாயடிக்குப் போய் மூடியைத் திறந்தாள். வேறு எந்த நாற்றமும் வரவில்லை. ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை. அவள் கையால் ஊற்றியது, அவள் கையால் பிழிந்தது. எண்ணெயை முகர்ந்து பார்ப்பதைத்தானே அவளுடைய மூக்கு காலை முதல் மாலை வரை வேலையாகச் செய்கிறது! ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் எடுத்து, ஈர உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

வழுக்கியது. வெளுத்தது. லேசாக நுரைத்தது.

பெரியவள் அப்படியே குழாயடியில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எண்ணெயும் புளிப்பும் வயிற்றுக்குள் போய், குடலில் இருக்கிற காரத்தோடு கலந்து திரண்டு உருண்டு வந்திருக்கிறது. தினமும் இந்தப் பாத்திரத்தில் அவள் செய்கிற வேலையை அம்மாவின் குடல் செய்திருக்கிறது, அவ்வளவுதான். துக்கமுமில்லை, கல்லுமில்லை. சோப்பு. உலகத்தில் யார் ஏமாந்தாலும் நாம் ஏமாந்திருக்கலாமா என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கையெல்லாம் வழவழவென்று இருந்ததால் அதையும் செய்யவில்லை.

மேடத்துக்கு போன் போட்டாள்.

"உருகிடுச்சா? நல்லதுதானேம்மா!" என்றார் அவர், மனசார மகிழ்ந்து. "துக்கம் கரையுதுன்னு அர்த்தம்."

"அது சோப்பு, மேடம்."

"நீங்க அந்தத் தொழில்ல இருக்கீங்க, உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது. எனக்கும் வந்துச்சும்மா. என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது."

ஆசை தீரத் திட்டலாம் என்றுதான் பெரியவள் போன் செய்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் திட்ட வாய் வரவில்லை. அவரும் ஒரு பாட்டிலை எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பார் என்று தோன்றியது. "வெக்கிறேன், மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் தம்பியின் பைக். உள்ளே கதவோரமாக ஒரு பை. மாற்றுத் துணி, துண்டு, பிளாஸ்க், அம்மாவின் ரிப்போர்ட்டுகள். ஆஸ்பத்திரிக்கு வேண்டியதெல்லாம் அவனே எடுத்து வைத்துக் கட்டியிருந்தான். அம்மா வரமாட்டாள் என்று தெரிந்தும் கட்டியிருக்கிறான். 

சமையலறையில் அவன் டீ போட்டுக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "உனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்" என்றான். அவன் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

அவள் பாட்டிலை மேடையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்று குதிக்கப் போகிறான், குதிக்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தாள்.

அவன் அடுப்பை அணைத்தான். பாட்டிலைப் பார்த்தான்.

"அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லித்தானே ஆகணும்? இல்லைன்னா நாளைக்கு எப்படி வருவாங்க?"

"சொல்லாதக்கா."

"என்னடா சொல்றே? நீயா பேசறே?"

"நேத்து அம்மா எனக்கு போன் பண்ணாங்க இல்ல..." தம்பியின் குரல் உடைந்தது. "வாலுவைப் பத்தியே பேசினாங்க. அவ சின்ன வயசுல என் ஸ்குரூ டிரைவரை எல்லாம் எடுத்து எங்கேயோ ஒளிச்சு வெச்சாளே, அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சாங்கக்கா. எவ்வளவு நாளாச்சு! இது பொய்னு சொன்னா அந்தச் சிரிப்பும் போயிடும்."

"சொல்லலைன்னா அம்மாவே போயிடுவாங்கடா."

அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். மெக்கானிக் சட்டையின் கிரீஸ் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. அவள் கையை நீட்டி அதைத் துடைத்துவிட்டாள். விலகாமல் நின்றான்.

"நீயே சொல்லு" என்றான் கடைசியில். "நான் பக்கத்துல நிக்கிறேன்."

அம்மா பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குழாய்க்குப் பக்கத்தில் தம்பி ஏற்கெனவே சின்னதாக ஒரு குழி தோண்டியிருந்தான். சின்னக் குழிதான். ஆனால் அதைப் பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை.

"குடுடி" என்று அம்மா கையை நீட்டினாள். வாங்கியவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "என்ன இது? கல்லு எங்க?"

பெரியவள் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள். "அது கல்லு இல்லம்மா. சோப்பு."

"என்னது?"

"நான் குடிக்கக் குடுத்த எண்ணெயும் எலுமிச்சம்பழமும் உன் வயித்துக்குள்ள சேர்ந்து திரண்டிருக்கு. நான் பட்டறையில செய்யறேனே, அதே மாதிரி. சூடு பட்டதும் உருகிடுச்சு. கல்லா இருந்தா உருகுமாம்மா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "உள்ள இருந்து எதுவுமே வரலை. கட்டி அப்படியேதான் இருக்கு. டாக்டர் சொன்னதுதான் சரி. அந்த மேடம் பேச்சைக் கேட்டு உன்னை இவ்வளவு நாள் பட்டினி போட்டு, வந்த தேதியையும் விட்டு... தப்புப் பண்ணிட்டேம்மா."

 அம்மா பாட்டிலைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டாள். விரலையும் கட்டை விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள்.

"உன் பட்டறை வாசனைதான்" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்போ... அவ போகலையா?"

பெரியவளுக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவனும் விழித்தான்.

"அவ வெளிய போகலையா?" அம்மாவின் உதடு துடித்தது. "நான் அன்னியிலேருந்து தூங்கவே இல்லடி. பெத்த பொண்ணை நானே வெளிய தள்ளிட்டேனேன்னு. அதுவும் எந்த இடத்துல? நீ சல்லடையில போட்டு அலசறே, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஐயோ, அவளுக்கு வலிக்குமேன்னு இருக்கு. நீ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா அழுதே. உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"அம்மா..."

"நேத்து இவன்கிட்ட சிரிச்சுப் பேசினதும் அதுக்குத்தான். இன்னிக்கிப் புதைக்கப் போறோம், அவளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தையாவது பேசி அனுப்புவோம்னு."

அம்மா அழுதாள். சத்தமில்லாமல், தாரை தாரையாக. ஆனால் முகம் தெளிந்துகொண்டே வந்தது. தொலைந்த பிள்ளை கூட்டத்தில் கிடைத்துவிட்ட தாய்க்கு வருகிற அழுகை அது. பெரியவளும் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். உண்மையைச் சொன்னது நல்லதாயிற்று, கடவுளே, எவ்வளவு நல்லதாயிற்று என்று இருந்தது அவளுக்கு.

தம்பி இரண்டு பேருக்கும் எதிரில் குந்தினான். "அப்போ நாளைக்குப் போலாம்மா. காலையில நான் வண்டி கொண்டு வரேன். பை எல்லாம் கட்டியாச்சு."

"டாக்டர் என்ன பண்ணுவார்?" என்றாள் அம்மா.

"கட்டியை எடுத்துடுவார்."

"முழுசாவா?"

"முழுசாதாம்மா. துளிகூட விட மாட்டார். கவலையே படாதே."

அம்மாவின் கை மெதுவாக நகர்ந்து வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது. நீல உடுப்பின்மேல், தூங்குகிற குழந்தையின் முதுகில் வைப்பது போல, அப்படியே இருந்தது.

"அப்போ வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா?"

"இங்கதான் அவ இருக்கா. நீதானே என்னை அந்த மேடம்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் படத்துல தொட்டுக் காட்டினே. அழாத அழுகை எல்லாம் இந்த இடத்துலதான் இருக்குன்னு. இல்லையாடி?"

பெரியவள் மடியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அம்மா, அதுவும் பொய்ம்மா. அது வெறும் கட்டி. சதை. அவ அதுல இல்லை."

"கல்லுன்னே. நம்பினேன். கல்லு இல்லைன்னுட்டே. இப்போ இதுவும் இல்லைங்கறே. நான் எதைத்தான்டி நம்பறது?" அம்மாவின் குரலில் கோபமே இல்லை. "எனக்குத் தெரியுது. அவ பேரைச் சொன்னா இந்த இடம் கனக்குது. வேற எங்கேயும் கனக்கலையே?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். "ஏதாவது சொல்லுக்கா" என்று கெஞ்சினான். "நீ சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க. சொல்லேன்."

பெரியவள் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். 

அம்மா பாட்டிலை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஊக்கு குத்திய உடுப்பு தளர்ந்து தொங்கியது. வெயிலில் அவள் கண் மஞ்சள் மஞ்சளாக இருந்தது.

"அந்தக் குழியை மூடிடுடா" என்றாள் மகனிடம். "அன்னிக்கி ஆஸ்பத்திரியில அவளை அறுத்துத்தான் என் கையில குடுத்தாங்க. நான் வாயைத் திறக்கலை. எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னொரு தடவை என் பொண்ணை அறுக்க விட மாட்டேன்."

கதவோரம் கட்டி வைத்திருந்த பையைச் சுற்றிக்கொண்டு அம்மா உள்ளே போனாள். கை இன்னும் விலாவிலேயே இருந்தது.